பல் போனால் சொல் மட்டுமா போகும்?

சென்ற ஆண்டு என் கடைவாய்ப் பற்கள் இரண்டை எடுக்க நேர்ந்தது. புண் விரைவில் ஆறிவிட்டது. ஆனால், நிலக்கடலை, கொய்யா, முருங்கைக்காய் என ஒவ்வொன்றாக என் உணவிலிருந்து விலகின. பல்லாண்டுகளாகத் தவணை செலுத்திவரும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தை அணுகினேன். விபத்தில் பல்லை இழந்து, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால் மட்டுமே பணம் கிடைக்கும் என்றனர்.

இழந்த பல்லை ஈடுசெய்யப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கழற்றி மாட்டும் பல்செட். செலவு குறைவு, ஆனால், தாடை எலும்பு தேயும்போது தளர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது சரிசெய்யவோ மாற்றவோ வேண்டும். இரண்டாவது, 'பிரிட்ஜ்'. இருபுறமும் உள்ள பற்களைத் தேய்த்து உறையிட்டு, அவற்றின் துணையில் நடுவே செயற்கைப் பல்லை நிறுத்துவது. இதற்காக நலமான பற்களையும் தேய்க்க நேரிடலாம்.

மூன்றாவது, 'இம்ப்ளான்ட்'. தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அது எலும்புடன் ஒன்றியபின் பல்லைப் பொருத்துவது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க் 1965-இல் தொடங்கிவைத்த முறை இது. பக்கத்துப் பற்களுக்குப் பாதிப்பில்லை. ஆனால், செலவு மிக அதிகம். பல மாதங்கள் ஆகலாம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தோல்வி வாய்ப்பு கூடுதல்.

பணத்துக்கு எங்கே போவது? குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024-இல் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால், அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையை மையமாகக் கொண்டது; பல்செட் புறநோயாளிச் சிகிச்சை. வருமான வரிச் சலுகையோ வரி செலுத்துவோருக்கு மட்டுமே பயன்படும். ஏழை முதியவர்களுக்கு எஞ்சியிருப்பவை அரசு பல் மருத்துவமனைகளும், பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் சிகிச்சையளிக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளும்தான். சிற்றூரிலிருந்து பலமுறை வந்துபோகும் பேருந்துக் கட்டணமும் இழக்கும் கூலியும் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

மெல்ல இயலாதவர் காய்கறியையும் பயறையும் குறைத்து, குழைந்த சோற்றுக்கும் கஞ்சிக்கும் மாறுகிறார். சர்க்கரை நோயாளிக்கு இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. பல்செட்டுக்கு மறுத்த பணத்தைப் பின்னர் வேறு நோய்களுக்குச் செலவிடும் நிலை வரலாம்.

மாற்று வழிகள் உள்ளன. கேரளத்தின் 'மந்தஹாசம்', கர்நாடகத்தின் 'தந்த பாக்ய' திட்டங்கள் வறிய முதியோருக்கு இலவசப் பல்வரிசை வழங்கத் தொடங்கப்பட்டவை. ஜெர்மனியின் பொதுக் காப்பீடு, அடிப்படைச் சிகிச்சைச் செலவில் 60 சதவீதத்தை ஏற்கிறது. பத்தாண்டுகள் தவறாமல் பல் பரிசோதனை செய்தவருக்கு 75 சதவீதம். விலை உயர்ந்த முறையை விரும்புபவர் கூடுதல் தொகையைத் தாமே செலுத்துவார்.

எல்லோருக்கும் இம்ப்ளான்ட் என்பது நமது நிதிநிலைக்கு இயலாதது. ஆனால், ஓர் அடிப்படைப் பல்செட்டைக் காப்பீட்டுக்குள் கொண்டுவருவதும், அதை மாவட்ட மருத்துவமனையிலேயே செய்து தருவதும் இயலக்கூடியவை. மெல்லுதலை அழகு சார்ந்த செலவாகக் கருதும் விதியை முதலில் திருத்த வேண்டும்.