வந்த இறாலும் சொந்த இறாலும்

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் சந்தைக்குச் சென்று திரும்புங்கால் பேசிக்கொள்ளும் செய்திகளுள் மீன் விலை முதலிடம் பெற்று வருகிறது. மீனின் விலை ஏற, இறாலின் விலை அதற்கு முன்னே ஓடுகிறது. இந்நிலையில் கடைக்காரர் இரண்டு தட்டுகளைக் காட்டி, ஒன்றை நாட்டு இறால் என்றும், மற்றொன்றை வெளிநாட்டு இனமாகிய வனாமி என்றும் சொல்லி, இருவேறு விலை கூறுகிறார். நாட்டுச் சரக்கு என்னும் பெயருக்காக நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தக்கதுதானா? வெளிநாட்டு இனம் என்பதற்காக மற்றதை ஒதுக்கிவிடலாமா? இவ்விரு வினாக்களையும் சற்று ஆராய்வோம்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பெயரில் ஏமாந்தவர் பொருளிலும் ஏமாறுவர் என்பது பழகிய பாடம். தில்லியில் ஜீங்கா, மும்பையில் கோலம்பி, ஆந்திரத்தில் ரொய்யலு, கேரளத்தில் செம்மீன் எனப்படுவன யாவும் பொதுப் பெயர்கள். இனத்தை அவை உணர்த்துவதில்லை. கொல்கத்தாக்காரர் இவ்வகையில் நுட்பமானவர். உடலில் கரும்பட்டைகள் கொண்ட புலி இறாலை அவர் பாக்தா சிங்ரி என்பார். நீண்ட நீலக் கொடுக்குகளை உடைய நன்னீர் இறாலைக் கோல்தா சிங்ரி என்பார். வனாமிக்குப் பட்டையும் இல்லை, நீலக் கொடுக்கும் இல்லை. வெளிறி, ஒளி ஊடுருவும் உடலுடன் இருக்கும். ஆயின் நம் கடலுக்கே உரிய வெள்ளை இறாலும் வெளிறிய நிறத்ததே. ஆகவே நிறம் ஒன்றையே சான்றாகக் கொண்டு, இது நாட்டினம், இது வந்த இனம் என்று துணிதல் அரிது.

வனாமியின் தாயகம் பசிபிக் கடலின் கீழைக் கரை. மெக்ஸிகோ முதல் பெரு நாட்டின் வடபகுதி வரையுள்ள கடலோரத்தில் அது இயற்கையாக வாழ்வது. அது நம் நாட்டுக்கு வந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நம் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் புலி இறால் பண்ணைகள் பெருகின. விரைவில் வெள்ளைப் புள்ளி நோய் என்னும் நச்சுயிரி நோய் புகுந்து, குளங்கள் பலவற்றை ஒரு சில நாட்களிலேயே வெறுமையாக்கியது. மறுபுறம், உப்பு நீர் பரவி வயலும் குடிநீரும் கெடுகின்றன என்று கடலோர மக்கள் முறையிட்டனர். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் அமைந்த பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. பிறகு 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தை நிறுவியது. 2003-இல் சோதனை முறையில் வந்திருந்த வனாமியை வாணிக அளவில் வளர்க்க 2009-இல் அனுமதி கிடைத்தது.

அனுமதிக்குக் கட்டுப்பாடும் உண்டு. குறிப்பிட்ட நோய்க் கிருமிகள் அற்றவை எனச் சான்று பெற்ற தாய் இறால்களையே வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம். விமானத்தில் வந்து இறங்கும் அவை, சென்னையை அடுத்த நீலாங்கரையிலுள்ள தனிமைக் காப்பகத்தில் வைத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே குஞ்சுப் பொரிப்பகங்களை அடைகின்றன. அங்குப் பிறக்கும் குஞ்சுகள் குளங்களில் விடப்பட்டு, மூன்று நான்கு திங்களில் விற்பனைக்கு உரியவாகின்றன. புலி இறாலைக் காட்டிலும் நெருக்கமாக வளர்வதும், குறைந்த புரதமுள்ள தீவனமே போதுமாயிருப்பதும், உப்பு குறைந்த நீரையும் தாங்குவதும் வனாமியின் வலிமை. சில ஆண்டுகளிலேயே அது புலி இறாலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இனி, இதனை வெளிநாட்டு இறால் என்பது எவ்வளவு பொருந்தும்? தாய் வெளிநாட்டது, குஞ்சோ நம் கரையில் பிறந்தது. உண்ட தீவனத்தில் நம் நாட்டுச் சோயாவும் உண்டு. வளர்த்தவர் நெல்லூரிலோ பீமவரத்திலோ உள்ள உழவர். தில்லி வாழ் அன்பர்களுக்கு இன்னும் ஒரு வியப்பு உண்டு. ஹரியானாவின் ரோதக், சிர்சா முதலிய மாவட்டங்களில் நிலத்தடி நீர் உப்பாகிப் பயிர் விளையாத நிலங்களில் இப்போது வனாமி வளர்க்கப்படுகிறது. தில்லிச் சந்தையில், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பனிக்கட்டியில் வரும் நாட்டினக் கடல் இறாலைவிட, வந்த இனமாகிய இதுவே அண்டை வீட்டுச் சரக்கு!

இதே இறால் கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தவுடன் அங்கு இறக்குமதி இறால் ஆகிவிடுகிறது. அந்நாட்டு மக்கள் உண்ணும் இறாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து செல்வது. லூயிசியானா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் படகேறிக் கடலில் இறால் பிடிப்போர், டீசல் விலை ஏற ஏற, தம் சரக்கின் விலை மட்டும் இறங்குகிறதே என்று நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். அவர்கள் குறையும் பொய்யன்று. அம்முறையீட்டின் விளைவாக 2005 முதல் இந்திய இறால் மீது அங்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது முதலில் 25 விழுக்காடும், அதே திங்களில் மேலும் 25 விழுக்காடும் புதிய வரி ஏற்றப்பட்டது. ஆந்திரக் குளக்கரையில் வணிகர் கொடுக்கும் விலை உடனே சரிந்தது.

ஏன் சரிய வேண்டும்? 2024-25-இல் நம் நாட்டிலிருந்து ஏறத்தாழ 17 இலட்சம் டன் கடலுணவு, சுமார் 62,400 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதியாயிற்று. அதில் உறைய வைத்த இறால் மட்டும் ஏறத்தாழ 7.4 இலட்சம் டன். அமெரிக்கா வாங்கியது 3 இலட்சம் டன்னுக்கு மேல். விளைவதில் பெரும்பங்கைப் பிற நாடுகள் வாங்கும்போது, விலையை நிறுவும் தராசும் பிற நாடுகளின் கையில்தான் இருக்கும். வெளியில் தேவை மிகுந்தால் நம் சந்தையில் விலை ஏறுகிறது. வெளியில் கதவடைத்தால் உழவர் நட்டப்படுகிறார். தீவனச் செலவோ உற்பத்திச் செலவில் பாதி அளவு. சோயாவின் விலை ஏறினால் அதற்கும் அவரே பொறுப்பு. நகரத்துக் கடையில் மட்டும் விலை அதே வேகத்தில் இறங்குவதில்லை. பனிக்கட்டி, வண்டி வாடகை, இடைத்தரகு ஆகியவை இறங்காமல் நிற்பதே காரணம்.

கடல் இறாலின் கதை வேறு. இனப்பெருக்கக் காலத்தைக் காக்கும் பொருட்டு, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்நாட்களில் கடற்சரக்கின் விலை ஏறுவது இயல்பு; சந்தையை நிரப்புவது பெரும்பாலும் பண்ணைச் சரக்கே. தடைக்காலத்தின் நடுவில் ஒருவர் கூடை கூடையாகக் கடல் இறால் என்று விற்றால், எந்தக் கரையில் பிடித்தது என்று கேட்பதில் தவறில்லை.

வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டிய கணக்கும் ஒன்று உண்டு. இறாலுக்கு விலை நிறுவுவது கவுண்ட். ஒரு கிலோவில் 30 நின்றால் 30 கவுண்ட். 80 நின்றால் 80 கவுண்ட். எண்ணிக்கை குறையக் குறைய இறால் பெரிது, விலையும் பெரிது. 80 கவுண்ட் நாட்டு இறாலை 30 கவுண்ட் வனாமியுடன் ஒப்பிட்டு எது மலிவு எனத் தேடுவது வீண் வேலை. மேலும், தலையும் ஓடும் நீங்கினால் ஒரு கிலோ ஏறக்குறையப் பாதியாகிவிடும். கிலோ 400 ரூபாய்க்கு முழு இறால் வாங்கினால், உண்ணும் சதை கிலோ 800 ரூபாய் ஆகிறது. உரித்த இறாலை 750 ரூபாய்க்குத் தருபவர் அதிக விலை கூறுபவராகத் தோன்றினும், உண்மையில் மலிவாகவே தருகிறார். உறைய வைத்த பொட்டலமாயின், மேலே படிந்த பனியை நீக்கிய நிகர எடை எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும்.

தூய்மையைப் பற்றியும் ஒரு சொல். தடை செய்யப்பட்ட மருந்துகளின் எச்சம் இருக்கிறதா என்று ஏற்றுமதிச் சரக்கு சோதிக்கப்படுகிறது. இருந்தால் திருப்பி அனுப்பப்படுகிறது. உள்நாட்டுச் சந்தைக்கு வரும் கூடை ஒவ்வொன்றுக்கும் அத்தகைய சோதனை நடைபெறுவதில்லை. வெளிநாட்டார் உண்ணும் இறாலுக்கு உள்ள கண்காணிப்பு நம் மக்கள் உண்ணும் இறாலுக்கும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

ஆகவே, கடையில் நின்று கேட்கத் தக்க வினாக்கள் நான்கு: கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா? எந்த ஊர்ச் சரக்கு? எத்தனை கவுண்ட்? தலையோடு எடையா, உரித்த எடையா? இவற்றுக்கு நேரிய விடை கிடைத்துப் புலி இறாலோ கடல் வெள்ளை இறாலோ கைக்கு வருமானால், அதற்குரிய கூடுதல் விலையைத் தயங்காது கொடுக்கலாம். படகோடிய மீனவரின் உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. அது இயலாத நாளில் வனாமியை வாங்குவதில் குறைவொன்றும் இல்லை. மிளகாயும் கடல் கடந்து வந்ததே. நம் குழம்பில் இன்று அதனை அயலார் என்பார் யார்? உள்நாட்டுச் சமையலறை நிலையான வாங்குபவராக அமையுமாயின், ஏதோ ஒரு நாட்டின் வரி அறிவிப்பைக் கேட்டு நம் உழவர் பதறிக் குளத்தை வடிக்க வேண்டிய நிலை சிறிதேனும் குறையும்.