யாரைக் கேட்டுச் சொன்னார்கள்?

ஸ்மித்தும் ஜோன்ஸும் ஒரே வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று கம்பெனித் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். ஜோன்ஸின் பையில் 10 நாணயம் இருப்பதையும் ஸ்மித் எண்ணிப் பார்த்தாயிற்று. ஆகவே, வேலை கிடைக்கப்போகிறவர் பையில் 10 நாணயம் இருக்கிறது என்று நம்புகிறார். கடைசியில் வேலை கிடைத்ததோ ஸ்மித்துக்கு. அவர் பையிலும், அவரே அறியாமல், 10 நாணயம்!

நம்பியது உண்மை. நம்பத் தக்க காரணமும் இருந்தது. ஆனாலும் அது அவருக்குத் 'தெரிந்திருந்தது' என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

வராது என்றார் தத்துவவாதி எட்மண்ட் கெட்டியர், 1963இல், மூன்றே பக்கக் கட்டுரையில். 'தக்க காரணத்தோடு நம்பிய உண்மையே அறிவு' என்ற இலக்கணம் அதோடு ஆட்டம் கண்டது. அன்று ஆய்வுமுறை இவ்வளவுதான்: ஒரு கதையைக் கற்பனை செய்வது, உள்ளுணர்வு சொல்வதைக் கேட்பது. இது பழைய வழிதான். இறைச்சி சுட மூட்டிய தீயில் இன்னும் புகை எழவில்லை. மேலே மொய்க்கும் பூச்சிகளைப் புகையென்று நினைத்து, தீ இருப்பதாகச் சரியாகவே ஊகிக்கிறான் ஒருவன். 8ஆம் நூற்றாண்டு பௌத்தர் தர்மோத்தரர் தந்த உதாரணம் இது. எனக்குக் கெட்டியரின் நாணயத்தைவிட இந்தப் பூச்சிகளே பிடிக்கும்.

ஆனால், அந்த 'நாம்' யார்? 2001இல் வைன்பெர்க், நிக்கல்ஸ், ஸ்டிச் என்ற தத்துவவாதிகள் மூவரும் இதே வகைக் கதைகளை அமெரிக்க மாணவர்களிடம் கொடுத்து விடை கேட்டார்கள். மேலை மரபினரில் பெரும்பாலோர் 'வெறும் நம்பிக்கை' என்றார்கள். இந்தியத் துணைக்கண்ட மரபினர் 23 பேரில் 14 பேர் 'தெரியும்' என்றார்கள். 23 பேர் மிகக் குறைவு. ஆனால் கேள்வி சிறியதல்ல. ஆட்டம் முடிந்ததும் 'எனக்கு அப்பவே தெரியும்' என்கிறோமே, அந்தத் 'தெரியும்' எந்தக் கணக்கில் சேரும்?

இன்று கதையோடு வினாத்தாளும் போகிறது, பல மொழிகளில். 2017இல் அமெரிக்கா, இந்தியா, பிரேசில், ஜப்பான் என நான்கு நாடுகளில் கேட்டபோது, எங்குமே பெரும்பாலோர் கெட்டியர் பக்கமே நின்றார்கள். அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர், 2001இல் எழுதிய அதே ஸ்டிச்.