காப்பு மின்பிறப்பாக்கி வாங்குவோர் அறியவேண்டியவை



2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் நேர்ந்த கோளாற்றினால் நாடு முழுவதும் மின்சாரமின்றி நின்றது. இத்தகைய வேளைகளிலே தொழிற்றளங்களுக்குப் பெரிய டீசல் மின்பிறப்பாக்கி வாங்கும் எண்ணம் எழுதல் இயல்பு. இயந்திரத்தைப் பற்றிப் பேசப் பாடசாலை அதிபர் ஒருவருக்கு என்ன தகுதி என நீங்கள் வினவலாம். கணக்குப் பார்த்தே கொள்ளவேண்டிய பொருள் அது; ஆதலால் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

மரக்காலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள வாள்கள், விளக்குகள் யாவும் ஒருங்கே இயங்க 60 கிலோவாற்று வேண்டும் என்க. மின்பிறப்பாக்கியின் அளவோ கிலோவோல்ற்று அம்பியரில் குறிக்கப்படும். 100 எனக் குறித்த இயந்திரம் வழக்கமாக 80 கிலோவாற்றே தரும். அவ்வாறாயின் 100 போதும் போலத் தோன்றும். ஆனால் பெரிய வாளின் மோட்டர் நேரடியாகத் தொடங்கும் கணத்தில், வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கை இழுக்கும். அதனைத் தாங்காது மின்னழுத்தம் வீழும். எனவே தொடக்க ஓட்டத்தைக் குறைக்கும் கருவியைப் பொருத்துதலும், மோட்டர்களை ஒவ்வொன்றாகத் தொடக்குதலும் அவசியம்.

அப்படியாயின் மிகப் பெரியதையே வாங்கிவிடலாமே என்பர் சிலர். அதுவும் தவறு. கொள்ளளவின் 30 வீதத்துக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் டீசல் இயந்திரத்தில் எரிபொருள் முற்றாக எரிவதில்லை. கரியும் எண்ணெய்ப் பசையும் உள்ளே படியும்.

காப்புக்கென மதிப்பிடப்பட்ட இயந்திரம் வேறு, நாள்தோறும் ஓடுவதற்கென மதிப்பிடப்பட்டது வேறு. முன்னையது ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மணிநேர உழைப்பையே கருதியது. நாளொன்றுக்கு 10 மணிநேரம் ஓட்டினால் அவ்வெல்லை 20 நாளிற் கடந்துவிடும்.

எரிபொருளையும் எண்ணுக. 60 கிலோவாற்றுச் சுமையை 8 மணிநேரம் தாங்கச் சுமார் 120 முதல் 145 லீற்றர் டீசல் செலவாகும். 2022இல் மின்சாரத்தோடு டீசலும் அரிதாயிற்று. ஆகவே தாங்கியில் டீசல் இல்லாத மின்பிறப்பாக்கி வெறும் இரும்பே. தேக்கிய டீசலில் நீர் சேராது பார்த்தலும், மாதந்தோறும் சுமையோடு ஓட்டிச் சோதித்தலும் வேண்டும்.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய இரண்டு. இயந்திரப் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நச்சுவாயு உண்டு. புகைக்குழாய் திறந்த வெளியை நோக்கியிருத்தல் வேண்டும். அன்றியும், மாற்று ஆளி இன்றி மின்பிறப்பாக்கியை இணைத்தால் மின்சாரம் வெளிக்கம்பிகளிற் பின்னோக்கிப் பாயும். மின்சாரம் இல்லை என நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியர் உயிரிழக்க நேரும். செலவைக் குறைக்க எண்ணுவோர் எதனைக் குறைத்தாலும் அவ்வாளியைக் குறைத்தலாகாது.