வெள்ளிக் காசில் வாரிசு அரசியல்

ரோமப் பேரரசர் அகஸ்டஸிடம் பரிசுகளுடன் தூது அனுப்பிய இந்திய மன்னன் பாண்டியன் என்றும், சிலர் கூற்றுப்படி போரஸ் என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியுள்ளார். தூது அனுப்பியவர் யாராயினும், அகஸ்டஸின் முகம் தமிழகம் வந்து சேர்ந்தது உறுதி. மிளகு வாங்க வந்த டெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசுகள் அதைக் கொண்டுவந்தன.

பொள்ளாச்சி, கரூர் உள்ளிட்ட கொங்குப் பகுதிகளில் இக்காசுகள் புதையல்களாகக் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவில் கிடைத்தவற்றுள் இரு வகைகளே மிகுதி. முதல் வகையில், ஒருபுறம் வாகை சூடிய அகஸ்டஸின் தலை. 'தெய்வத்தின் மகன், தாயகத்தின் தந்தை' என்னும் வாசகம். தத்துத் தந்தை ஜூலியஸ் சீசர் தெய்வமாக்கப்பட்டதால் வந்த பட்டம் அது. மறுபுறம், கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் காயஸ், லூசியஸ் என்ற இளைஞர்கள். மகள்வழிப் பேரர்களான இவ்விருவரையும் அகஸ்டஸ் தத்தெடுத்திருந்தார். அடுத்து ஆளப்போவது யார் என்பதைப் பேரரசு முழுவதற்கும் அறிவித்த சுவரொட்டி என்றே அக்காசைச் சொல்லலாம்.

ஆனால், லூசியஸ் கி.பி. 2-இலும், காயஸ் கி.பி. 4-இலும் மாண்டனர். கி.பி. 14-இல் அரியணை ஏறியவர் திபேரியஸ். கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணைக் காட்டும் அவருடைய காசே இரண்டாவது வகை. அப்பெண் அவருடைய தாய் லிவியா என்பது பலர் கருத்து.

காசு சொன்ன அரசியல் பொய்த்தபின்னும் அதன் மதிப்பு ஏன் நிலைத்தது? இலங்கை மன்னன் ஒருவனைப் பற்றி பிளினி கூறும் செய்தியில் விடை இருக்கிறது. வெவ்வேறு முகங்கள் பொறித்திருந்தும் ரோமக் காசுகள் யாவும் ஒரே எடையில் இருந்தது கண்டு, ரோமரின் நேர்மையை அவன் வியந்தானாம். கி.பி. 64-இல் நீரோ மன்னன் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் வெளியான வெள்ளிக் காசுகள் தென்னிந்தியாவில் அரிதாகவே கிடைக்கின்றன.

சின்னத்தின் ஆற்றலைத் தமிழ் மன்னர்களும் அறிந்திருந்தனர். மதுரைக்கு மேற்கே போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளின் மீன் சின்னம் பாண்டியருடையது என்பர். சேரன் மாக்கோதையின் வெள்ளிக் காசில் உள்ள முகத்தில் ரோமச் சாயல் தெரிகிறது.

எந்த முகத்தைப் பொறிப்பது என்பதை அரசு முடிவு செய்யலாம். அதை நம்பலாமா என்பதை முடிவு செய்பவர், காசைக் கையில் வாங்குபவர். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என ஒரே சொல் வழங்குவது பொருத்தமே.