பால் சங்கக் கணிப்பொறிக்கு மின்னல் காப்பு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பனவடலிசத்திரம் சுற்றுப்புறம் மானாவாரிக் கரிசல் பூமி. மழை பொய்க்கும் ஆண்டுகளில் சிறு விவசாயிக்குக் கைகொடுப்பது கறவை மாடுதான். சங்கத்தில் ஊற்றும் பாலுக்கு அதன் அளவு, கொழுப்பு, கொழுப்பு நீங்கலான திடப்பொருள் ஆகியவற்றைக் கணக்கிட்டே விலை தரப்படுகிறது.

கணிப்பொறி வைத்துள்ள சங்கங்களில் மின்னணுத் தராசும் பால் பரிசோதனைக் கருவியும் இந்த அளவுகளைக் கேபிள் வழியாக நேரே கணிப்பொறிக்கு அனுப்புகின்றன. சீட்டும் உடனே அச்சாகிறது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் அந்தக் கேபிள் சேரும் 'சீரியல் போர்ட்' கருகிவிட்டால், சரியாகும்வரை எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டும். ஓர் இலக்கம் மாறினாலும் பால் ஊற்றியவருக்கோ சங்கத்துக்கோ நட்டம்தான்.

பழுது ஏன் வருகிறது?

சீரியல் போர்ட்டில் செய்தி செல்வது 5 முதல் 15 வோல்ட் வரையுள்ள நேர், எதிர் மின்னழுத்தத்தில். அருகில் மின்னல் விழுந்தால் நீண்ட கேபிளில் இதைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் நொடிப்பொழுதில் தோன்றும். தராசுக்கு ஓர் எர்த்தும் கணிப்பொறிக்கு வேறோர் எர்த்தும் இருந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கேபிள் வழியே பாயும். உள்ளே இருக்கும் சிறு 'சிப்' இதைத் தாங்காது.

தேவையான பொருள்கள்

100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு. பி6கேஇ18சிஏ எனக் கேட்டால் கிடைக்கும் டி.வி.எஸ். டயோடு இரண்டு; 9 முனைச் சொருகியில் ஆண் ஒன்று, பெண் ஒன்று; சிறு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று.

செய்முறை

9 முனைச் சொருகியில் 2, 3 ஆகியவை செய்திக் கம்பிகள்; 5 பொதுக் கம்பி. 2-ஆவது கம்பியை வெட்டி இடையில் ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைக்க வேண்டும். ரெசிஸ்டரின் கணிப்பொறிப் பக்க முனையிலிருந்து 5-ஆவது கம்பிக்கு ஒரு டயோடை இணைக்க வேண்டும். 3-ஆவது கம்பிக்கும் இவ்வாறே செய்ய வேண்டும். 5-ஆவது கம்பியை வெட்டாமல் நேராக விட வேண்டும். இந்த டயோடு இருபுறமும் வேலை செய்வதால் எந்த முனை எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டியதில்லை. வேறு முனைகளும் பயன்பாட்டில் இருந்தால் கருவியின் விளக்கப் புத்தகத்தைப் பார்த்த பிறகே அவற்றில் கை வைக்க வேண்டும்.

பெட்டியைக் கணிப்பொறியை ஒட்டிப் பொருத்த வேண்டும். தராசையும் காக்க விரும்பினால், அதன் பக்கத்திலும் இதே போன்ற ஒரு பெட்டி தேவை. அங்கே டயோடு தராசை நோக்கிய பக்கம் அமையும்.

வேலை செய்யும் விதம்

குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கரை காப்பாற்றப்படுகிறது. டயோடின் வேலையும் அதுவே. 15 வோல்ட் வரை அது குறுக்கிடாது. சுமார் 18 வோல்ட்டைத் தாண்டினால் மிகுதியைப் பொதுக் கம்பிக்குத் திருப்பிவிடும். மடையைச் சிறிதாக்கி வரத்தைக் குறைப்பது ரெசிஸ்டர். போர்ட்டின் உள் தடை 3,000 ஓமுக்கு மேல் என்பதால் 100 ஓம் சேர்வதால் செய்தி கெடுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

தராசு, பரிசோதனைக் கருவி, கணிப்பொறி மூன்றுக்கும் ஒரே பலகையிலிருந்து, ஒரே நல்ல எர்த்துடன் மின்சாரம் தர வேண்டும். எர்த் சரியில்லாத இடத்தில் இந்தப் பெட்டி மட்டும் போதாது. கேபிள் 15 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. முத்திரையிட்ட தராசைத் திறக்கக்கூடாது. வேலை முழுவதும் வெளியே கேபிளில்தான். பற்றவைக்கும் முன் எல்லாக் கருவிகளையும் மின்சாரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவரே இதைச் செய்து தரலாம்.

நேரடி மின்னலை எந்த டயோடும் தாங்காது. வானம் கறுத்து இடி தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கி, கேபிளையும் கழற்றி வைப்பதே உத்தமம். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் கம்பிகளைத் தொடக்கூடாது. ஐப்பசி பிறக்குமுன் இந்த ஏற்பாட்டைச் செய்யும்படி உறுப்பினர்கள் தங்கள் சங்கத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.