காந்திபுரத்தில் இரண்டு பஸ்கள்

கோவை காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்தில் ஒரு காலத்தில் தனியார் பஸ்ஸுக்கு நல்ல மவுசு. பாட்டு ஓடும். நடத்துநர் படியில் தொங்கியபடி ஊர்ப்பெயரைக் கூவுவார். கைகாட்டினால் நிற்கும். 1972இல் பேருந்துகள் நாட்டுடைமையாகி சேரன், பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்த பிறகும் இங்கே டவுன் பஸ்களில் தனியார் நிலைத்து நின்றார்கள். எது முதலில் வந்ததோ அதில் ஏறினோம்.

2021 மே மாதத்தோடு அது மாறிப்போயிற்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. இன்று தனியார் பஸ் உட்கார இடத்தோடு வந்து நின்றாலும், பின்னால் வரும் அரசு பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். பஸ் முதலாளிகளின் முறையீட்டில் நியாயம் உண்டு. அவர்களுக்கும் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசுதான். அதே அரசு பக்கத்தில் இலவசமாக ஓட்டினால் அவர்கள் எதைக் கொண்டு போட்டியிடுவார்கள்?

ஆனாலும் இந்த விவகாரத்தில் நான் அரசின் பக்கம்தான். வீட்டு வேலைக்கும் மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிற பெண்ணுக்கு பஸ் காசு என்பது கூலியில் தினமும் விழுந்த பிடித்தம். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அதைவிடப் பெரிது, வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் கிளம்ப முடிவது. கூலி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் தூரத்து வேலையை இப்போது அவள் யோசித்துப் பார்க்கலாம். மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. லாபத்தில் நடக்கவேண்டிய ஒரு கம்பெனியிடம் இதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது.

இது தானமும் இல்லை. இந்தக் கட்டணமில்லாப் பயணத்துக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 1,200 கோடி என்று சொல்லப்பட்ட அரசு மானியம், 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ரூபாய். சோப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிற பெண்களின் பணமும் அதில் இருக்கிறது. 'ஓசி டிக்கெட்' என்று ஏளனம் செய்கிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

கட்டணம் இல்லை என்பதற்காக ஓட்டை வண்டியும் நெடுநேரக் காத்திருப்பும் பெண்களின் தலையில் விழுவது அநியாயம். புதிய பஸ்களை அரசு வேகமாக இறக்கட்டும். அரசு பஸ் அரிதாக வரும் தடங்களில், தனியார் பஸ்ஸில் ஏறும் பெண்களின் கட்டணத்தையும் அரசே கட்டட்டும்.