வேட்டை முடிந்த பின் வீடு தேடும் நாய்கள்

சென்ற தைப்பொங்கலுக்கு வாழ்த்துக் கூறிய கையோடு, ஜேர்மனியிலே குடியிருக்கும் எமது பெறாமகள் ஒரு படமும் அனுப்பியிருந்தாள். கம்பளிச் சட்டை அணிந்த நாயொன்று மெத்தையிலே சுருண்டு கிடக்கிறது. நீண்டு ஒடுங்கிய முகம். எண்ணிவிடக்கூடிய விலா எலும்புகள். வில்லைப் போல் வளைந்த முதுகு. குச்சி குச்சியான கால்கள். கொக்குவிலில் எமது வீட்டு விறாந்தையில் இருந்து அப்படத்தைப் பார்த்த ஆச்சி, "உதென்ன மோனை, ஒரு நாளும் சோறு காணாத நாயாக் கிடக்கு? பிள்ளை உதுக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையே?" என்று கேட்டார்.

ஆச்சியின் ஐயம் நியாயமானதே. ஆனால் அந்நாயின் மெலிவு பட்டினியால் வந்ததன்று. அது பிறவி அமைப்பு. தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறை நாயைப் பார்த்தவர்களுக்கு இந்த உடல்வாகு புதிதாகத் தோன்றாது. மோப்பத்தை நம்பாமல் கண்ணையும் காலையும் நம்பி இரையைத் துரத்தும் வேட்டை நாய்கள் உலகெங்கும் இவ்வாறே ஒடுங்கி இருக்கும். பெறாமகள் வீட்டு நாய் ஸ்பெயின் தேசத்தது. அதன் இனத்துக்குக் 'கல்கோ' என்று பெயர். பிறந்த ஊரிலே வேண்டாமென்று வீதியில் விடப்பட்டு, ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீற்றர் கடந்து ஒரு கொக்குவில் பெண்ணின் வீட்டில் அடைக்கலம் பெற்ற கதை அதனுடையது. அக்கதையைக் கேட்டபோது நமது ஊரைப் பற்றிய எண்ணமும் கூடவே எழுந்தது. அதனாலேயே இதனை எழுதப் புகுந்தோம்.

முயலுக்குப் பின்னால்

கல்கோ நேற்றுத் தோன்றிய இனமன்று. 1605ஆம் ஆண்டில் வெளிவந்த, உலகப் புகழ் பெற்ற 'டொன் கிஹோத்தே' நாவலின் தொடக்கத்திலேயே, கதாநாயகன் வீட்டில் விரைந்தோடும் கல்கோ ஒன்று இருந்ததாக ஆசிரியர் செர்வாண்டஸ் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் அது பிரபுக்களின் செல்வம். இக்காலத்திலோ லா மஞ்சா, அந்தலூசியா, எக்ஸ்திரமதூரா முதலிய மாநிலங்களின் நாட்டுப்புறங்களிலே சாதாரண வேட்டைக்காரர்களும் அதனை வளர்க்கிறார்கள்.

அறுவடை முடிந்த பரந்த வெளியில் முயல் ஒன்று கிளம்பியதும், இரண்டு நாய்களை ஒன்றாக அவிழ்த்து விடுவார்கள். அவை மணிக்கு 60 கிலோமீற்றர் அளவான வேகத்தில் பாயும். முயல் வளைந்து வளைந்து ஓட, நாயும் அதன் வழியே வளைந்து வளைந்து ஓடவேண்டும் என்பது அவ்விளையாட்டின் மரபு. புத்தியுள்ள நாய் சில வேட்டைகளுக்குப் பின், முயல் எங்கே திரும்பும் என்பதை ஊகித்துக் குறுக்கு வழியால் பாய்ந்துவிடும். நாம் அதனைக் கெட்டிக்கார நாய் என்போம். அங்குள்ள வேட்டைக்காரரோ அதனை 'அழுக்கு நாய்' என்று இகழ்வார்கள். அனுபவத்தால் அறிவு வந்த நாய் அவர்களுக்கு உதவாத நாய்!

இந்த வேட்டைக் காலம் ஒக்ரோபரில் தொடங்கி ஜனவரி இறுதியோடு முடிகிறது. அதன் பின்னரே துயரம் தொடங்குகிறது. வேகம் குறைந்தவை, காயம் பட்டவை, 'அழுக்கு' எனப் பெயர் பெற்றவை எல்லாம் தேவையற்ற சுமையாகிவிடுகின்றன. அடுத்த ஆண்டு வரை தீனி போடுவதிலும் புதிய குட்டியைப் பழக்குவது இலாபம் என்று எண்ணுவோர் உண்டு. இரண்டு மூன்று வயதிலேயே பல நாய்கள் தெருவோரங்களிலும் வயல்வெளிகளிலும் கைவிடப்படுகின்றன. மரக்கிளையிலே தூக்கிடப்பட்டவையும் உண்டு. முயல் வேட்டைக்குப் பயன்படும் 'பொதெங்கோ' என்னும் நிமிர்ந்த காதுடைய நாய்களின் கதியும் இதுவே. பன்னிரண்டு வயது வரை வாழக்கூடிய பிராணிக்கு மூன்று வயதில் உலகம் முடிந்துவிடுகிறது. பெப்ரவரி 1ஆம் தேதியைக் கல்கோ நாய்களுக்குரிய உலக நாளாகப் பிராணி நேயர்கள் அனுட்டிப்பது, வேட்டைக் காலத்தின் முடிவை உலகுக்கு நினைவூட்டுவதற்காகவே.

ஸ்பெயின் அரசு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிராணிகள் நலனுக்காக ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் வேட்டை நாய்கள் அச்சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. வீட்டு நாய்க்குக் கிடைத்த காவல், வேலை செய்யும் நாய்க்குக் கிடைக்கவில்லை.

இரக்கத்துக்கும் ஒழுங்கு வேண்டும்

சட்டம் கைவிட்ட இடத்திலே சாதாரண மனிதர் முன்வந்திருக்கின்றனர். ஸ்பெயினிலுள்ள தொண்டர்கள் வீதியில் அலையும் நாய்களைப் பிடித்துக் காப்பகங்களிலே சேர்க்கிறார்கள். ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ், பிரித்தானியா முதலிய நாடுகளிலுள்ள சங்கங்கள் அவற்றுக்கு வீடு தேடுகின்றன.

அவர்கள் வேலை செய்யும் முறை நமது சிந்தனைக்குரியது. முதலில் நாயின் இரத்தம் பரிசோதிக்கப்படும். மணல் ஈயினால் பரவும் லீஷ்மேனியா நோய் தென் ஐரோப்பிய நாய்களிடையே பரவலாக உள்ளதால் இப்பரிசோதனை முக்கியமானது. அடுத்துக் கருத்தடை செய்யப்படும். தோலின் கீழே அரிசி மணியளவான அடையாளச் சில்லு பொருத்தப்படும். விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றி, 21 நாட்கள் கழிந்த பின்னரே எல்லை கடக்கலாம். நாயின் பெயரில் ஒரு கடவுச்சீட்டும் வழங்கப்படும். ஆம், நாய்க்கும் கடவுச்சீட்டுத்தான்! அதனைப் பெற்றுத் தரச் சங்கத்தார் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதைக் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்து அனுபவப்பட்ட நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை.

நாயைக் கேட்பவரின் நிலையும் ஆராயப்படும். சங்கத்தார் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். வேலி எவ்வளவு உயரம்? பகலில் வீட்டில் யார் இருப்பர்? விடுமுறையில் வெளியூர் போனால் நாயை யார் பார்ப்பர்? பூனை உண்டா? சிறு பிள்ளைகள் உண்டா? "பெண் பார்க்க வந்தவர்கள்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை" என்று பெறாமகள் எழுதியிருந்தாள். எல்லாம் திருப்தியானால் சில நூறு யூரோ செலுத்தி, ஓர் உடன்படிக்கையிலே கையொப்பமிட வேண்டும். அதிலே முக்கியமான நிபந்தனை ஒன்றுண்டு: என்றாவது ஒரு நாள் நாயை வைத்திருக்க இயலாது போனால், அதனைச் சங்கத்திடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும், வேறொருவருக்குக் கொடுக்கவும் கூடாது, வீதியில் விடவும் கூடாது.

வீடு வந்த நாய் உடனே வாலை ஆட்டிக் கொண்டாடுவதில்லை. கொட்டிலிலே வளர்ந்த பிராணிக்குப் படிக்கட்டு என்றால் பயம். கண்ணாடிக் கதவு என்றால் பயம். ஆண்களின் உரத்த குரல் என்றால் நடுக்கம். வெருண்டு ஓடினால் பிடிப்பது அரிது என்பதால், முதல் மாதங்களிலே இரண்டு வாரிட்டுத்தான் வெளியே அழைத்துச் செல்வார்கள். பெறாமகளின் நாய் முதல் மூன்று வாரங்களும் மேசைக்கடியிலேயே கிடந்ததாம். வீட்டார் கடைக்குப் புறப்பட்டுக் கதவைப் பூட்டும் ஒவ்வொரு முறையும் அது ஊளையிட்டதாம். "நாங்கள் திரும்பி வருவோம் என்று அது நம்புவதற்குப் பத்து மாதம் பிடித்தது, சித்தப்பா" என்று அவள் எழுதிய வரியைப் படித்த பின் நாம் சிறிது நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டோம்.

கைவிடப்பட்ட நாய்களுக்காக நாடு கடந்து கைகள் இணைந்த சம்பவம் இது ஒன்று மட்டுமன்று. சீனாவின் மக்காவு நகரில் 1963 முதல் நடைபெற்று வந்த நாயோட்டப் பந்தயத் திடல் 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மூடப்பட்டது. அப்போது ஐந்நூறுக்கு மேற்பட்ட 'கிரேஹவுண்ட்' பந்தய நாய்கள் அங்கே எஞ்சியிருந்தன. அவற்றுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஹொங்கொங்கிலும் பல குடும்பங்கள் வாசலைத் திறந்தன. பந்தயத்தில் வென்ற நாளில் ஆர்ப்பரித்த கூட்டம் எங்கோ போய்விட்டது. அந்த நாய்களை ஒரு நாளும் ஓடக் காணாதவர்களே அவற்றுக்கு உறவினர் ஆயினர்.

நமது ஒழுங்கையிலே

இவற்றையெல்லாம் வாசித்து ஸ்பெயின் தேசத்தவரைக் கடிந்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம். ஆனால் எமது மனம் அதற்கு இடந்தரவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. ஜிம்மி என்று பெயர். வேட்டை நாயன்று, படலையோடு காவல் கிடந்த சாதாரண ஊர் நாய். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் தேதி இரவு வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டுப் புறப்பட்டதை யாவரும் அறிவர். இருட்டிலும் மழையிலும் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கி அடி அடியாக நகர்ந்தனர். கைக்குழந்தையையும் முதியவரையும் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்த இரவு அது. ஜிம்மியைச் சனத்துக்குள் கொண்டுபோக முடியாதென்று, சங்கிலியைக் கழற்றிவிட்டு, குசினி வாசலிலே ஒரு சட்டி சோற்றையும் வைத்துவிட்டுப் படலையைச் சாத்தினோம். "இரண்டு மூன்று நாளிலை வந்திடுவம். அதுவரைக்கும் யாராவது சோறு போடுவினம்" என்றார் ஆச்சி. சோறு போட ஒழுங்கையில் எவரும் எஞ்சவில்லை என்பதை அந்த அவசரத்தில் யாரும் எண்ணவில்லை.

ஆறு மாதத்துக்குப் பின், 1996இலே திரும்பி வந்தோம். சட்டி கவிழ்ந்து கிடந்தது. ஊரைவிட்டுப் போக மறுத்துத் தங்கிவிட்ட முதியவர் ஒருவர், அது பல நாட்கள் எங்கள் படலையை விட்டு அகலாமலே கிடந்ததென்றும், தாம் கூப்பிட்டும் வரவில்லையென்றும் சொன்னார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

அந்த இரவில் வேறு வழி இருக்கவில்லை என்று இன்றும் நம்புகிறோம். உயிர் தப்ப ஓடியவரை யார் குறை கூற முடியும்? ஆனால் போர் 2009இல் ஓய்ந்த பின்னரும் அதே சொல் நமது ஒழுங்கைகளில் கேட்கிறதே, அதற்கு என்ன சமாதானம் கூறுவோம்? குடும்பத்தோடு வெளிநாடு புறப்படுபவர்கள் வீட்டுத் திறப்பை ஒருவரிடம் கொடுக்கிறார்கள். நகையைப் பாதுகாப்புப் பெட்டியில் வைக்கிறார்கள். வளவில் விழும் தேங்காய் யாருக்கு என்பதையும் தீர்மானிக்கிறார்கள். நாயைப் பற்றிக் கேட்டால், "யாராவது சோறு போடுவினம்" என்பதே விடை. பெட்டைக் குட்டிகளைச் சாக்கிலே கட்டிச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விட்டுவருவோரும் இச்சொல்லையே கூறித் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். கட்டாக்காலி நாய்கள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. அவற்றிலே பல ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் படலையைக் காத்தவை. ஏனையவை அவற்றின் பிள்ளைகள்.

செய்யத் தக்கது

நாயை நாம் மதிக்கத் தெரியாத மக்கள் அல்லர். தமிழ்நாட்டிலே திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற ஒரு நாயின் உருவமும், 'கோவிவன்' என்னும் அதன் பெயரும் அக்கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்த தருமரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத வீடு நம்மிடையே குறைவு. கதையில் உள்ள அறம் படலை வரையும் வரவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

விசர்நோயையும் மறத்தலாகாது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் அந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி பரவியதாலேயே அத்தொகை பெரிதும் குறைந்தது. தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006ஆம் ஆண்டில் அரசின் முடிவால் நிறுத்தப்பட்டது. கொல்வது இல்லையென்றால், தடுப்பூசியும் கருத்தடையும் தவிர வேறு வழியில்லை. இயக்கச்சியிலே சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்திருப்பது போற்றத்தக்கது. எனினும் எத்தனை சரணாலயங்கள் கட்டினாலும், ஒரு பக்கத்தால் அள்ள மறு பக்கத்தால் கொட்டினால் பாத்திரம் எப்படி வெறுமையாகும்? ஸ்பெயின் தொண்டர்கள் ஆண்டுதோறும் படும் துன்பமும் இதுவே.

ஆகவே, வீட்டு நாய்க்கு ஆண்டு தவறாமல் தடுப்பூசி ஏற்றுவோம். கால்நடை வைத்தியரிடம் காட்டிக் கருத்தடை செய்விப்போம். பிரயாணம் போகும் குடும்பம், நாளைக் குறிக்கு முன்பே நாய்க்கு ஒரு வீட்டைக் குறிக்கட்டும். ஏற்பவரின் வீட்டுக்கு இரண்டு முறை அதனை அழைத்துச் சென்று பழக்கட்டும். தீனிச் செலவுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகையும் அனுப்பட்டும். அங்கே முன்பின் அறியாத நாய்க்கு அந்நியர் செய்வதை, நமது வாசலைக் காத்த நாய்க்கு நாம் செய்வது பெரிய காரியமன்று. மாணவர்கள் தமது ஒழுங்கையிலுள்ள நாய்களைக் கணக்கெடுத்து, ஊசி ஏற்றும் நாளில் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தால், அது எந்தப் புத்தகப் பாடத்துக்கும் குறைந்ததாகாது.

இவற்றையெல்லாம் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினோம். அவர் மறுமொழி கூறவில்லை. ஸ்பெயின் நாயின் படத்தை மீண்டும் வாங்கி, கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர், "பிள்ளையிட்டைச் சொல்லு, எங்கை போனாலும் அதையும் கொண்டு போகச் சொல்லி" என்றார்.